கர்னல் பெடோமும் நம் சமவெளிக் காடும்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியில் மூன்று விதமான மரக்கூட்டங்கள் கண்ணில் படும். ஏரிக்கரை, ஓடைப் புறம்போக்கு, தரிசு என்று ஆளில்லாத இடமெல்லாம் வேலிகாத்தான். பட்டா நிலங்களில் வரிசை பிடித்து நிற்கும் சவுக்கு. எங்கோ ஓரிடத்தில் ஐயனார் கோயிலை ஒட்டி, பகலிலும் உள்ளே இருட்டாக இருக்கிற ஒரு குட்டைக் காடு. முதல் இரண்டும் வேற்று மண்ணிலிருந்து வந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டு வன நிர்வாகத்தின் விறகுத் தேவையோடு சேர்ந்து இங்கே வேர்விட்டவை. மூன்றாவதுதான் இந்தக் கரையின் பழைய காடு. தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் அதைப் புதர் என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

இந்த மூன்றும் இப்படி அமைந்ததற்குத் தனி ஒரு மனிதரைக் காரணம் சொல்ல முடியாது. ஆனால் சென்னை மாகாணத்தின் காடுகளுக்கு 1860 முதல் 1882 வரை தலைமை தாங்கிய ரிச்சர்டு ஹென்றி பெடோமைத் தவிர்த்துவிட்டும் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. தென்னிந்திய மரங்களுக்கும் பெரணிகளுக்கும் அவர் கொண்டுவந்த படநூல்கள் இன்றும் ஆய்வாளர்களின் மேசையில் இருக்கின்றன. அமெரிக்க வேலிகாத்தானின் விதையை வரவழைக்கச் சொல்லி 1876-இல் கடிதம் எழுதியவரும் அவரே.

காலனியக் கால வனத்துறையினரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். ரிச்சர்டு குரோவ் 1995-இல் வெளியிட்ட ‘கிரீன் இம்பீரியலிசம்’ என்ற நூல், கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர்கள்தான் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சிந்தனையின் முன்னோடிகள் என்கிறது. காடு அழிந்தால் மழை குறையும், ஆறு வற்றும், பஞ்சம் வரும் என்று அரசை எச்சரித்தவர்கள் அவர்கள். மாதவ் காட்கிலும் ராமச்சந்திர குஹாவும் 1992-இல் எழுதிய ‘திஸ் ஃபிஷர்ட் லேண்ட்’ இதற்கு நேர் எதிர்: வனத்துறை என்பது ரயிலுக்கும் கப்பலுக்கும் மரம் சேர்க்கப் பிறந்தது, பாதுகாப்பு என்ற பெயரில் ஊராரின் உரிமையைப் பறித்தது. தமிழகத்தைப் பொறுத்தவரை, வேலாயுதம் சரவணன் மலைவாழ் மக்களின் பக்கம் நின்று கொல்லிமலை, சேர்வராயன், ஜவ்வாது மலைகளின் வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார். இந்த விவாதம் எல்லாமே மலையை மையமாக வைத்து நடக்கிறது. தேக்கு வளராத, யானை இல்லாத, தென்னாற்காட்டுச் சமவெளி இதில் எங்கே வருகிறது என்ற கேள்வியோடு பெடோமிடம் போனால் இரண்டு கட்சியின் பதிலும் போதாமல் போகிறது.

அவருக்கு முன்னால் இருந்தவரிடமிருந்து தொடங்க வேண்டும். ஹியூ கிளெக்கார்ன் 1820-இல் சென்னையிலேயே பிறந்தவர். எடின்பரோவில் மருத்துவம் படித்து 1842-இல் கம்பெனி மருத்துவராகத் திரும்பி வந்தார். சிமோகாவில் பணியாற்றியபோது நாளுக்கு ஒரு செடி என்று உள்ளூர் ஓவியரைக்கொண்டு வரையச் செய்தார். 1851-இல் பிரிட்டிஷ் அசோசியேஷனுக்கு வெப்பமண்டலக் காடுகளின் அழிவைப் பற்றி அறிக்கை கொடுத்த குழுவில் முக்கியமானவர். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர். 1856 டிசம்பரில் மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார்.

அதே 1856-இல், ஜூலை முதல் தேதி, தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியிருந்தது. ஒரு மைல் தண்டவாளத்துக்கு ஏறக்குறைய 1,700 முதல் 2,000 மரக்கட்டைகள் வேண்டும். அவை பத்துப் பன்னிரண்டு ஆண்டில் மக்கிப்போகும், மறுபடி மாற்ற வேண்டும். பஞ்சத்தைப் பற்றிய கவலை மருத்துவர்களுக்கு உண்மையாகவே இருந்தது, அதைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் அரசு பணம் ஒதுக்கிப் பதவி உருவாக்கிய காலத்தையும் பார்க்க வேண்டும். 1860-இல் மாகாண அரசு குமரி என்ற மாற்றிட வேளாண்மையைத் தடைசெய்ததில் கிளெக்கார்னின் பரிந்துரைக்குப் பெரும்பங்கு உண்டு. மலைக்குடிகளின் அடுப்பிலும் கொல்லையிலும் அது விழுந்த அடி.

எனக்கு கிளெக்கார்னிடம் பிடித்தது வேறொன்று. வேலிக்கு உகந்த செடிகளைப் பற்றி 1850-இல் ஒரு கட்டுரை எழுதினார். சென்னைக் கடற்கரையில் மணலைப் பிடித்துவைக்கும் செடிகளைப் பற்றியும் எழுதினார். அடம்புக்கொடியும் இராவணன் மீசையும் மரக்காணம் கரையில் இன்றைக்கும் செய்துகொண்டிருக்கிற வேலை அது. சமவெளியின் எளிய செடிகளுக்கு மதிப்புக் கொடுத்துப் பார்த்த கண் அவருடையது. வனத் தலைவர் ஆனபின் அந்தக் கண்ணுக்கு வேலை குறைந்துவிட்டது. 1861-இல் வந்த அவருடைய ‘ஃபாரஸ்ட்ஸ் அண்ட் கார்டன்ஸ் ஆஃப் சவுத் இந்தியா’ ஆனைமலையையும் நிலம்பூரையும் சுற்றியே அதிகம் நடக்கிறது. அந்த ஆண்டுகளில் அவரைப் பஞ்சாபுக் காடுகளுக்கு அனுப்பினார்கள். பின்னர் ஸ்காட்லாந்து திரும்பிய அவர் 1895-இல் இறந்தார். ஹென்றி நோல்ட்டி 2016-இல் எழுதிய விரிவான வாழ்க்கை வரலாறு இருப்பதால் கிளெக்கார்னைத் தேடுபவருக்குச் சிரமமில்லை.

பெடோம் வேறு வார்ப்பு. 1830 மே மாதம் லண்டனை ஒட்டிய கிளாஃபமில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். மகனையும் அதே தொழிலில் விட நினைத்தார், மகன் இந்தியா போகிறேன் என்றார். 1848-இல் சென்னைப் படையில் சேர்ந்து 42-ஆம் காலாட்படையில் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தார். தாவரவியலாளர்களாகவும் விளங்கிய மருத்துவர்கள் ராபர்ட் வைட், கிளெக்கார்ன் போல மருத்துவப் படிப்போ எடின்பரோவின் தாவரவியல் வகுப்போ அவருக்கு இல்லை. முகாம் மாறும்போதெல்லாம் செடி பறித்துப் பறித்துக் கற்றுக்கொண்டவர். கிளெக்கார்னின் ஆரம்ப உதவியாளர்களில் ஒருவராகத் தேர்வானதற்கு இந்தப் பழக்கமே காரணம். மருத்துவர்கள்தான் பாதுகாப்புச் சிந்தனையைக் கொண்டுவந்தார்கள் என்ற குரோவின் வாதம் பெடோமிடம் வந்து தடுமாறுவதும் இங்கேதான். மாகாணக் காடுகளை இருபத்திரண்டு ஆண்டுகள் நடத்தியவர் ஒரு சிப்பாய் அதிகாரி. மழையைப் பற்றியும் பஞ்சத்தைப் பற்றியும் பேசிய தலைமுறை பதவியில் இருந்த காலம் சொற்பம்.

அந்த இருபத்திரண்டு ஆண்டில் அவர் செய்து முடித்த வேலை மலைக்க வைக்கும். தென்னிந்தியப் பெரணிகளைப் பற்றிய நூல் 1863-இல் வரத் தொடங்கியது. அடுத்து பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்குமான பெரணி நூல். 1868 முதல் 1874 வரை 300 படங்களோடு ‘ஐகோன்ஸ்’ என்ற தாவரப் படநூல். அதே காலத்தில் 1869 தொடங்கி அவருடைய பெருநூலான ‘ஃப்ளோரா சில்வாட்டிகா’: தென்னிந்திய மரங்கள் 330 படங்களில். ஆய்வகத்தில் உட்கார்ந்து எழுதப்பட்ட நூலன்று இது. ரேஞ்சருக்கும் மரம் எடுக்கும் அதிகாரிக்கும் கையில் கொடுக்க எழுதியது. மரத்தின் இலை, பூ, காய் விவரத்தோடு தமிழ், தெலுங்கு, மலையாளப் பெயர்கள் இருக்கும். அது எந்த மலையில் எத்தனை அடி உயரத்தில் கிடைக்கும், கட்டை எப்படிப்பட்டது, ஒரு கன அடி எத்தனை பவுண்டு, எதற்கு உதவும் என்பதும் இருக்கும். ஒரே பக்கத்தில் இயற்கையியலாளரும் மரக்கிடங்குக்காரரும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கிறார்கள். இருவரையும் பிரிக்கப் பார்ப்பது வீண்வேலை. ஒரே கைதான் இரண்டையும் எழுதியது.

எழுதிய கை பெடோமுடையது, வரைந்த கை வேறு. இந்த நூல்களின் படங்களில் கணிசமானவை கோவிந்து என்ற ஓவியருடையவை. ராபர்ட் வைட் ‘ஐகோன்ஸ்’ என்ற பெயரிலேயே 1838 முதல் 1853 வரை வெளியிட்ட, 2,101 படங்கள் கொண்ட மாபெரும் தொகுப்புக்கு முதலில் ரங்கையாவும் அவருக்குப் பின் கோவிந்துவும் வரைந்தார்கள். வைட் கப்பல் ஏறியபின் கோவிந்து கிளெக்கார்னுக்கு வரைந்தார், அவருக்குப்பின் பெடோமுக்கு. துரைமார் மூவர் வந்து போனார்கள், தூரிகை ஒன்றே தொடர்ந்தது. தென்னிந்தியத் தாவரவியலின் இந்த முப்பதாண்டுக் கண் உண்மையில் யாருடையது என்று ஒருவர் கேட்டால் கோவிந்துவுடையது என்று நான் சொல்வேன். வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு ‘கோவிந்தூயா’ என்று அவர் பெயரைச் சூட்டினார். பின்னால் வந்த வகைப்பாட்டில் அந்தப் பெயர் வேறொரு பேரினத்துக்குள் கரைந்துபோனது. கிளெக்கார்ன் சேகரித்து எடின்பரோ தாவரவியல் பூங்காவில் இருக்கும் சுமார் 3,000 ஓவியங்களில் முருகேச முதலியார் என்ற சென்னை ஓவியருடையவையும் உண்டு. இவர்கள் எங்கே பிறந்தார்கள், எப்போது இறந்தார்கள் என்று எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை. பெடோமின் தந்தை பெயர் வரை நமக்குத் தெரிகிறது.

பெடோமின் இன்னொரு முகம் பாம்புகள். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமண்ணுக்குள் புழுபோல் வாழும் கேடயவால் பாம்புகளை அவரைப்போல் அறிந்தவர் அன்று இல்லை. மண்புழுவைத் தின்று மண்ணுக்கடியிலேயே வாழும் அந்தக் குடும்பத்தில் பல இனங்களை முதன்முதலில் விவரித்தவர் அவர். தவளைகளுக்கும் பல்லிகளுக்கும் நத்தைகளுக்கும் அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. திருப்பதி–கடப்பை மலைகளில் மட்டும் வளரும் சைக்கஸ் பெடோமி என்ற ஈந்து வகை, பன்னாட்டு வணிகத் தடையின் மிகக் கடுமையான பட்டியலில் இன்று இருக்கிறது. காடு பார்க்கப் போன அதிகாரி கல்லைப் புரட்டிப் பாம்பு தேடினார் என்பது இன்றைய வனத்துறை அலுவலகங்களில் நினைத்துப் பார்க்கவும் முடியாத சுதந்திரம்.

அவர் விவரித்த இனங்கள் கிடைத்த இடங்களைப் பார்த்தால் ஆனைமலை, நீலகிரி, வயநாடு, சேர்வராயன், நெல்லை மலைகள், கடப்பை, நல்லமலை என்று மலைகளின் பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றன. இதில் வியப்பில்லை. மரம் மலையில் இருந்தது, புதுமையும் மலையில் இருந்தது, கோடையில் துரைக்குக் குளிர்ச்சியும் மலையில்தான் இருந்தது. தாவரவியலும் வன நிர்வாகமும் ஒரே பாதையில் ஏறிப் போயின. கீழே நின்றது சமவெளி.

அந்தச் சமவெளிக் காடு எப்படிப்பட்டது என்று சொல்லியாக வேண்டும். செங்கல்பட்டிலிருந்து கோடியக்கரை வரை சோழமண்டலக் கரையோரம் மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். பிறகு ஆறேழு மாதம் வறட்சி. இத்தகைய இடத்தில் மரங்கள் கோடையில் இலை உதிர்த்து நிற்க வேண்டும் என்பது பொதுவிதி. இங்கே அப்படி நடப்பதில்லை. எட்டு, பத்து மீட்டருக்கு மேல் போகாத குட்டை மரங்கள், தடித்த பளபளப்பான இலைகளோடு ஆண்டு முழுதும் பச்சையாக நிற்கின்றன. காயா, வீரை, உலக்கைப் பாலை, கருங்காலி, நாவல், காட்டெலுமிச்சை, எட்டி. இடையிடையே இலையுதிர்க்கும் புரசும் உசிலும். ஓரங்களில் களா, காரை, சூரை, மேலே பின்னிக்கிடக்கும் கொடிகள். உலர் பசுமைமாறாக் காடு என்று இதற்குப் பெயர். வனவியலாளர் ஹாரி சாம்பியன் 1936-இல் இந்திய, பர்மியக் காடுகளை வகைப்படுத்தியபோது இதைத் தனி வகையாக முறைப்படி வைத்தார். பெடோம் ஓய்வு பெற்று ஐம்பத்துநான்கு ஆண்டு ஆகியிருந்தது.

இந்தக் காட்டின் மரங்கள் தாவரவியலாளர்களுக்குத் தெரியாதவையல்ல. பெரும்பாலானவற்றுக்கு அவர்களில் முன்னோடியான ராக்ஸ்பர்க் காலத்திலேயே, அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள், அறிவியல் பெயர் கிடைத்துவிட்டது. ஒவ்வொரு மரமாக அறிந்திருந்தார்கள், மொத்தமாகக் காடென்று கணக்கில் கொள்ளவில்லை. பாலையின் கட்டை இரும்பு போன்றது, உலக்கைக்கும் செக்குக்கும் ஆகும். ஆனால் நீளமில்லை, நேரில்லை, தண்டவாளத்துக்கு உதவாது. காயா நல்ல விறகு, அதற்கு மேல் வனத்துறையின் வரவேட்டில் அதற்கு இடமில்லை. மலையில் ஒரு தேக்குக்குக் கிடைத்த காவல் இங்கே ஒரு வீரைக்குக் கிடைக்காமல் போனதற்குக் காரணம் எளிது: அது விலைபோகாது.

விறகுத் தேவையோ கூடிக்கொண்டே இருந்தது. 1870-களின் பிற்பாதியில் தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர்கேஜ் பாதை செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் தஞ்சைக்கு இறங்கியது. 1879-இல் விழுப்புரம்–புதுச்சேரிக் கிளை. அந்தக் காலத்து என்ஜின்கள் விறகையும் எரித்தன. சென்னை நகரத்தின் அடுப்புகள் வேறு. அதற்கு விடையாக வந்ததுதான் சவுக்கு. தென்கிழக்காசியாவையும் ஆஸ்திரேலியாவையும் சேர்ந்த மரம். வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பதால் வெறும் மணலிலும் வளரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கரையோரமெங்கும் பரவி, இன்று நாலைந்து ஆண்டில் வெட்டிக் காகித ஆலைக்கும் சாரத்துக்கும் அனுப்பும் பணப்பயிராகத் திண்டிவனம், வானூர், மரக்காணம் வட்டாரத்து விவசாயிகளுக்குச் சோறு போடுகிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கோயில்காடுகளின் விறகுச் சுமையை ஓரளவுக்குச் சவுக்கு தாங்கிக்கொண்டது என்றும் வாதிடலாம்.

வேலிகாத்தானின் கதைக்கு இவ்வளவு கருணை காட்ட முடியாது. 1876-இல் பெடோம் வடக்கு வட்டத்தின் வனப் பாதுகாவலர் என்ற முறையில் வருவாய்த் துறைச் செயலருக்கு எழுதி இந்த மரத்தின் விதையை வரவழைக்கக் கேட்டார். மறு ஆண்டு, 1877-இல், கடப்பை மாவட்டம் கமலாபுரத்தில் அது விதைக்கப்பட்டது. ஏறக்குறைய அதே காலத்தில் சிந்துப் பகுதியிலும் அது வந்து இறங்கியது. கடப்பையின் வறண்ட மண்ணை மனத்தில் வைத்துப் பார்த்தால் அவர் கேட்டதில் தவறு காண்பது கடினம். தண்ணீர் கேட்காது, ஆடு மேய்ந்தாலும் சாகாது, வெட்ட வெட்டத் துளிர்க்கும், விறகு நன்றாக எரியும். அந்த 1876-இல்தான் தென்னகத்தின் பெரும்பஞ்சமும் தொடங்கியது. வறட்சியைத் தாங்கும் மரத்தைத் தேடாத அதிகாரிதான் அன்று குற்றவாளி.

இங்கே நம் ஊர்ப் பேச்சில் உலவும் ஒரு நம்பிக்கையையும் தொட்டாக வேண்டும். காமராசர் ஆட்சியில்தான் இந்த விதை தூவப்பட்டது என்று மேடைகளில் சொல்கிறார்கள். அமெரிக்கா நம் நிலத்தடி நீரை உறிஞ்சத் திட்டமிட்டு அனுப்பியது என்றும் சொல்வதுண்டு. மரம் இந்தியாவுக்கு வந்தது காமராசர் பிறப்பதற்கு இருபத்தாறு ஆண்டு முன்னால். இருபதாம் நூற்றாண்டில் விறகுக்காக அது மேலும் பரப்பப்பட்டது உண்மைதான், ஆனால் தொடக்கத்தை அங்கே வைக்க முடியாது. சதியும் தேவைப்படவில்லை. ஆடும் மாடும் இனிப்பான நெற்றைத் தின்று, சாணத்தில் விதையைப் போட்டன. பயிர் ஏறாத ஏரிவாயில், ஆள் பார்க்காத புறம்போக்கில், அது முளைத்தது. ஊர்ப் பொதுநிலத்தை ஊர் கவனிக்காமல் விட்ட வேகத்தில்தான் வேலிகாத்தான் பரவியது.

அந்தக் கவனிப்பு எப்போது விட்டுப்போனது? இதற்கு விடை தேடும்போதுதான் பெடோம் ஓய்வு பெற்ற 1882 முக்கியமாகிறது. இந்திய வனச் சட்டம் 1865-இலும் 1878-இலும் வந்தபோது சென்னை மாகாணம் இரண்டையும் ஏற்க மறுத்தது பலருக்குத் தெரியாத செய்தி. மறுத்தவர்கள் புரட்சிக்காரர்கள் அல்ல, வருவாய் வாரியத்து வெள்ளை அதிகாரிகள். இந்த மாகாணத்தில் ஏதாவதோர் ஊரின் எல்லைக்குள் வராத காடே அரிது, மேய்ச்சலும் விறகும் தழை உரமும் ஊராருக்கு நெடுங்கால உரிமை, அதை அரசு தன் சொத்தென்று எடுத்துக்கொள்வது முறையாகாது என்பது அவர்கள் வாதம். நெல் வயலுக்குத் தழை மிதிக்கும் தென்னாற்காட்டு உழவருக்கு இது வெறும் சட்ட நுணுக்கமல்ல. குஹா இந்த விவாதத்தை விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். கடைசியில் இந்திய வனத்துறையின் தலைவர் டீட்ரிக் பிராண்டிஸ் சென்னைக்கு வந்து சுற்றிப்பார்த்து, 1882-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டமாக மாகாண வனச் சட்டம் பிறந்தது. நான்காம் பிரிவில் அறிவிப்பு, ஊரார் உரிமை கோர அவகாசம், விசாரணை, பதினாறாம் பிரிவில் காப்புக்காடு. செஞ்சி மலைகளைச் சுற்றிய காப்புக்காடுகளை இன்றைக்கும் ஆள்வது ‘தமிழ்நாடு’ என்று முன்பெயர் மாறிய அதே சட்டம்தான்.

சட்டத்துக்குப்பின் ஊர்க்காடு இரண்டாகப் பிளந்தது. கோட்டுக்குள் இருந்தது ஃபாரஸ்டுக்காரர்களுடையது, மேய்க்கச் சீட்டு, விறகுக்குச் சீட்டு. கோட்டுக்கு வெளியே இருந்தது புறம்போக்கு, யாருடையதும் இல்லை. எதிர்ப்பு வலுத்து 1912–13-இல் சென்னை வனக் குழு உட்கார்ந்தது. மரமதிப்பு குறைந்த சமவெளிக் காடுகளை வனத்துறையிடமிருந்து எடுத்து ஊர்ப் பஞ்சாயத்துகளிடம் விடலாம் என்ற முடிவு 1920-களில் செயலுக்கு வந்தது. அதற்குள் ஒரு தலைமுறை கைவிட்டுப்போயிருந்தது. கல்வராயன் மலை மட்டும் இந்தக் கணக்குக்கு வெளியே நின்றது. அங்கே ஜாகீர்தார்களின் ஆட்சி 1970-கள் வரை நீடித்தது. ஜாகீர் ஆட்சி மக்களுக்கு நல்லதாக இருந்ததாக யாரும் சொல்லமாட்டார்கள். 2019-இல் விழுப்புரம் மாவட்டம் பிரிந்தபோது அந்த மலை கள்ளக்குறிச்சியோடு போய்விட்டது.

பெடோமுக்குப் பின் வந்த ஜேம்ஸ் சைக்ஸ் கேம்பிளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பிரான்சின் நான்சி வனக்கல்லூரியில் படித்த தொழில்முறை வனவியலாளர் அவர். 1882-இல் சென்னைக்கு வந்து, பிறகு டேராடூன் வனப்பள்ளியின் இயக்குநராகி, ஓய்வுக்குப் பின் 1915-இல் ‘ஃப்ளோரா ஆஃப் தி பிரசிடென்சி ஆஃப் மெட்ராஸ்’ நூலைத் தொடங்கினார். 1925-இல் அவர் இறந்ததும் ஃபிஷர் எடுத்து 1936-இல் முடித்தார். தமிழகக் கல்லூரிகளில் செடி இனம் காண்பவர்கள் தலைமுறை தலைமுறையாகப் புரட்டிய நூல். படமில்லை, கட்டை எடை இல்லை. ஆனால் ‘கர்நாடிக்’ என்ற சமவெளிப் பகுதிக்குத் தன் ஒவ்வொரு பதிவிலும் அது இடம் கொடுத்தது. சாம்பியனின் வகைப்பாடும் கேம்பிள் நூலின் கடைசிப் பகுதியும் ஒரே ஆண்டில் வந்தது தற்செயல்தான் என்றாலும், சமவெளிக் காடு ஏட்டில் ஏறிய ஆண்டாக 1936-ஐக் குறித்துவைக்கலாம்.

விடுதலைக்குப் பின் இந்தக் காட்டைத் தேடிப் போனவர்கள் வனத்துறைக்கு வெளியே இருந்து வந்தார்கள். 1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் ஒன்று. அங்கிருந்த பிளாஸ்கோவும் லெக்ரியும் கோடியக்கரை, மரக்காணம் உலர் பசுமைமாறாக் காடுகளைப் பற்றி 1973-இல் கட்டுரை வெளியிட்டார்கள். மரக்காணம் என்ற பெயர் காட்டியல் இலக்கியத்தில் நிலைத்தது அதனால். திருச்சி தூய வளனார் கல்லூரியின் இராபினட் ஹெர்பேரியத்தை உருவாக்கிய பாதிரியார் கே. எம். மேத்யூ 1980-களின் முற்பாதியில் ‘தமிழ்நாடு கர்நாடிக் தாவரத் தொகுதி’யைக் கொண்டுவந்தார். சமவெளிக்கும் அதைச் சுற்றிய குன்றுகளுக்கும் மட்டுமென்றே ஒரு பெருநூல். பெடோமுக்கு மலை எப்படியோ அப்படி இவருக்குக் கீழ்நாடு. ஆனைமலையின் புகழில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத முள்ளும் புதரும் கொண்ட ஊர்களில் அவரும் மாணவர்களும் ஊர் ஊராகப் போய்ச் சேகரித்தார்கள். தமிழில் அவரைப் பற்றி இன்னும் நிறைய எழுதப்பட வேண்டும்.

புதுவைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் மரம் மரமாக அளந்த இடங்களில் ஒன்று கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில்காடு. மஞ்சனீஸ்வரர் ஐயனாருக்குப் பயந்து அங்கே கிளை ஒடிக்க மாட்டார்கள், அல்லது முன்பு ஒடிக்கமாட்டார்கள். பக்தி மட்டுமே காடு காக்கும் என்று எழுதுவது இப்போது மோஸ்தர். கோயில் பெரிதாகும்போது சிமெண்டுத் தளமும் வண்டி நிறுத்தமும் வருகின்றன, காட்டின் விளிம்பு சுருங்குகிறது. சின்னச் சின்ன ஊர்களில் பல கோயில்காடுகள் நாலைந்து மரமாக மிஞ்சியிருக்கின்றன. ஐயனார் காப்பாற்றியது உண்மை. எந்தக் காலத்துக்கும் காப்பாற்றுவார் என்று பொறுப்பை அவர் தலையில் கட்டிவிட முடியாது.

வானூர் வட்டத்தில் திருவக்கரைக்குப் போனால் இந்தக் கதைக்கு ஒரு வேடிக்கையான ஓரக்குறிப்பு கிடைக்கும். அங்கே ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் சொன்னரா 1781-லேயே அவற்றைப் பார்த்து எழுதிவிட்டார். இன்று அது புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில், கம்பிவேலிக்குள் இருக்கிறது. ஆக, விழுப்புரம் மாவட்டத்தில் ஐரோப்பிய அறிவியல் ஆர்வத்தோடு பதிவுசெய்த முதல் காடு கற்காடு. அதிலிருந்து கூப்பிடு தூரத்தில் உயிரோடு நின்ற காடு தன் பெயரைப் பெற இன்னும் நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் காத்திருந்தது.

பெடோமை எப்படி மதிப்பிடுவது என்ற கேள்விக்கு வருகிறேன். பசுமை முன்னோடி என்ற பட்டம் அவருக்குப் பொருந்தாது. மரம் அரசுக்குச் சரக்கு என்பதில் அவருக்குத் தயக்கம் இருந்ததாக அவர் நூல்களில் தெரியவில்லை. கொள்ளைக்காரர் என்ற வசையும் பொருந்தாது. சரக்குக்காக மட்டும் பார்க்கிறவன் கேடயவால் பாம்பைத் தேடிக் குனியமாட்டான். என் பார்வையில், மலை மீதிருந்த அறிவின் உச்சமும் அதன் எல்லையும் அவர். இனத்தை இனமாக அறியும் அறிவு அவரிடம் முழுமையாக இருந்தது. ஓரிடத்தின் மரங்கள் ஒன்றோடொன்றும் ஆடுமாடுகளோடும் ஊரோடும் எப்படிச் சேர்ந்து வாழ்கின்றன என்று கேட்கும் அறிவு அன்றைய துறைக்கே இன்னும் பிறக்கவில்லை. அந்தக் கேள்வி இல்லாத இடத்தில், ஓர் அந்நிய மரத்தின் விதையை வரவழைப்பது கிடங்குக்குப் புதுச் சரக்கு கேட்பது போன்ற காரியம்தான்.

நாம் அந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொண்டோமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. வேலிகாத்தானை அகற்றச் சொல்லி 2017-இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆய்வு நடக்கட்டும் என்று அதே ஆண்டில் நிறுத்தியும் வைத்தது. 2022-இல் தமிழக அரசு அந்நியத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. பொக்லைன் வைத்துப் பிடுங்குவது நடக்கிறது. பிடுங்கிய இடத்தில் என்ன வளரும் என்று திட்டமிடாத ஊரில் இரண்டு மழையில் அதுவே திரும்பி நிற்கிறது. கரி சுட்டும் விறகு விற்றும் பிழைப்பவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

இதற்கு மறுபக்கம் ஆரோவில். 1968-இல் அது தொடங்கிய செம்மண் மேடு அப்போது மொட்டை. அரித்த ஓடைகளுக்கு வரப்புப் போட்டு மழைநீரை நிறுத்தி, முதலில் வேகமாய் வளரும் வெளியூர் மரங்களை நட்டு நிழல் உண்டாக்கி, பிறகு கோயில்காடுகளிலிருந்து விதை பொறுக்கி வந்து காயாவையும் வீரையையும் கருங்காலியையும் அந்த நிழலில் ஊன்றினார்கள். இடைக்காலத்துக்கு அந்நிய மரத்தின் உதவியைப் பெற்றுக்கொண்டு சொந்தக் காட்டை எழுப்பினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். உள்ளூர் மரம் புனிதம், வெளிமரம் பாவம் என்ற சூத்திரம் அங்கே உதவவில்லை.

இதில் தொழில்நுட்பச் சிக்கல் ஒன்று இருக்கிறது. நாவல் போன்றவற்றின் விதை உலர்ந்தால் செத்துவிடும், பறித்த கையோடு ஊன்ற வேண்டும். வேலிகாத்தான் விதையைப்போல மூட்டை கட்டிக் கப்பலில் அனுப்ப முடியாது. பாலை முளைத்தாலும் மெதுவாகத்தான் எழும், பத்தாண்டு காத்திருக்க எந்தத் திட்டத்துக்கும் பொறுமை இல்லை. ஆனாலும் அந்த மரத்தின் நாற்று வளர்க்கும் கைப்பழக்கம் தமிழகத்தில் அழிந்துவிடவில்லை. சப்போட்டா ஒட்டுக் கட்டுகிறவர்களுக்கு அடியில் வைக்கும் வேர்ச்செடி இன்றும் பாலைதான், அதற்காகவே பழம் பொறுக்கி விதை எடுத்துப் பையில் போட்டு வளர்க்கும் நாற்றங்கால்கள் இருக்கின்றன. மேலே சப்போட்டாவைக் கட்டாமல் அந்தச் செடியை அப்படியே ஏரிக்கரைக்குக் கேட்டுப் போகும் ஊராட்சிகள்தான் இனி வேண்டும்.